பூனை மட்டும் அரைத் தட்டு பின்னால்

ஒரு நாய், ஒரு பூனை, ஒரு குயில், ஒரு குட்டி ஆந்தை. கீழே ஒருவர் லத்தீன் மாதிரி எதையோ இழுத்து இழுத்துப் பாட, அவர் தலைக்கு மேல் இந்த நான்கும் இஷ்டத்துக்குக் கத்துகின்றன. 1608-ல் வெனிஸில் அச்சான பாட்டு இது. எங்கள் ஐந்து பேர் பாட்டுக் குழுவுக்கு இதைப் பழைய அச்சிலிருந்து நானே எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டேன். இரண்டு சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று நினைத்தது இரண்டரை மாதம் இழுத்தது. எங்கெங்கே சறுக்கினேன் என்பதைத்தான் எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது இதே குழியில் விழப் போனால் உதவும்.

பாட்டை எழுதியவர் அத்ரியானோ பாங்கியேரி, 1568-ல் போலோஞாவில் பிறந்தவர், ஒலிவேத்தோ சபைத் துறவி, ஆர்கன் வாசிப்பவர். ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருந்த சான் மிக்கேலே இன் போஸ்கோ மடத்தில்தான் வாழ்க்கையின் பெரும்பகுதி. (அந்த மடத்துக் கட்டடத்தில் இன்றைக்கு நடப்பது எலும்பு மருத்துவமனை.) துறவி என்றதும் உம்மென்று இருப்பார் என்று நினைக்க வேண்டாம். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வியாழனை இத்தாலியில் 'கொழுத்த வியாழன்' என்பார்கள், நன்றாகச் சாப்பிட்டுக் கூத்தடிக்கும் நாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் கூடியவர்கள் பாடி மகிழ என்றே ஒரு பாட்டுத் தொகுப்பு போட்டார். பெயர் சுருக்கமாக 'ஃபெஸ்தினோ'. கிழவர்கள் பாட்டு, பெர்னார்தீனா அத்தை கதை சொல்வது, நூல் நூற்கும் கதிர் விற்பவர்கள் பாட்டு, மது குடித்து வாழ்த்துவது என்று வரிசையாகப் போகும். நடுவில்தான் இந்த மிருகக் கச்சேரி. அதற்கு முன்னால் மூன்று குரலில் ஒரு சின்ன அறிவிப்பும் உண்டு: சபையோரே, இதோ ஒரு நாய், ஒரு பூனை, ஒரு குயில், ஒரு ஆந்தை, கீழ்க்குரல் ஒன்றின் மேல் மனசிலிருந்தே எதிர்ப்பண், அதாவது ஒரு மெட்டோடு பொருந்தும் வேறு மெட்டு, பாடப் போகின்றன என்று.

'மனசிலிருந்தே' என்பது சும்மா வந்த சொல் இல்லை. அந்தக் காலத்தில் தேவாலயப் பாடகர்கள், கீழே ஒருவர் ஒரு பழைய மெட்டை நீட்டி நீட்டிப் பாட, மற்றவர்கள் எழுதி வைக்காமல் அந்தந்த நேரத்தில் அதன் மேல் சேர்த்துப் பாடுவார்கள். 'அல்லா மென்தே' என்று அதற்குப் பெயர். அதைத்தான் பாங்கியேரி கேலி செய்கிறார். கீழ்க்குரலின் லத்தீனும் போலி லத்தீன்தான், கூனனை நம்பாதே, நொண்டியை நம்பாதே என்கிற ரகம். இன்றைக்கு யாரும் அப்படி எழுத மாட்டார்கள், எழுதவும் கூடாது. பாட்டு அப்படி இருக்கிறது என்பதைக் குழுவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சரி, இணையத்தில் இலவசமாகவே இந்தப் பாட்டின் புது ஸ்கோர், எல்லாக் குரலையும் ஒன்றாகக் காட்டும் தாள், கிடைக்குமே, நீ ஏன் மெனக்கெட்டாய் என்று கேட்கலாம். எடுத்தேன், இரண்டு எடுத்தேன். இரண்டிலும் ஷார்ப், அதாவது சுரத்தை அரைச் சுரம் ஏற்றும் குறி, விழுகிற இடங்கள் ஒன்றாக இல்லை. ஒன்றில் அடைப்புக்குள் இருந்த குறி இன்னொன்றில் அடைப்பில்லாமல் இருந்தது. எது பாங்கியேரி போட்டது, எது பிற்காலத்தில் யாரோ போட்டது என்று அந்த இரண்டையும் வைத்துச் சொல்லவே முடியவில்லை. அப்போதுதான் பழைய அச்சைத் தேடப் போனேன்.

தேட ஆரம்பித்த இடம் போலோஞா. பாங்கியேரியின் ஊர் என்பது ஒரு காரணம், அந்த ஊர் இசை நூலகம் இன்னொரு காரணம். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பாத்ரே மார்த்தினி என்று ஒரு பிரான்சிஸ்கன் துறவி இருந்தார், கிடைத்த இசைப் புத்தகத்தையெல்லாம் சேர்த்தவர். 1770-ல் இங்கிலாந்திலிருந்து அவரைப் பார்க்கப் போன சார்லஸ் பர்னி, சுமார் 17,000 நூல்கள் இருப்பதாக எழுதி வைத்திருக்கிறார். அதே ஆண்டில்தான் 14 வயது மொட்சார்ட்டும் அங்கே பரீட்சை எழுதினான். கொடுத்த மெட்டின் மேல் பழைய முறைப்படி குரல்களைச் சேர்க்க வேண்டும். பையன் எழுதியதும் இருக்கிறது, மார்த்தினி திருத்தி அமைத்ததும் இருக்கிறது. வாத்தியார் கை வைத்த இடம் தனியாகத் தெரிகிறபடி இரண்டும் பத்திரமாக இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். இந்த வேலையில் நான் செய்ய நினைத்ததும் அதுதான், என் கை பட்ட இடம் தெரிய வேண்டும். அந்தச் சேகரிப்பெல்லாம் பிற்பாடு ஊர் இசைப் பள்ளிக்குப் போய், கயத்தானோ கஸ்பாரி என்ற நூலகர் 19-ஆம் நூற்றாண்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டார். இன்றைக்கும் அவர்களுடைய இணையப் பட்டியலுக்கு அவர் பெயர்தான். வெனிஸ் பெத்ரூச்சி 1501-ல் அச்சிட்ட முதல் பல்குரல் இசைப் புத்தகத்தின் முதல் பதிப்பில் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியும் அந்த நூலகத்தில்தான் இருக்கிறது, அதுவும் சில தாள்கள் போய்.

தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 'ரிஸ்ம்' என்று 1952-ல் தொடங்கிய உலகப் பட்டியல் ஒன்று உண்டு. எந்தப் பழைய அச்சு எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது என்பது மட்டுமல்ல, ஐந்து புத்தகத்தில் எத்தனை இருக்கிறது என்பதும் அதில் தெரியும். அதை முதலில் பாருங்கள். நான் பார்க்காமல் வேறொரு தொகுப்பில் நான்கு புத்தகம் இறக்கி முடித்த பிறகுதான் ஐந்தாவது அங்கே இல்லவே இல்லை என்று தெரிந்தது. ஒரு நாள் போச்சு.

ஐந்து புத்தகம் என்கிறேன், அதைச் சொல்ல வேண்டும். இந்த அச்சில் ஸ்கோர் என்று ஒன்று கிடையாது. கான்தோ, ஆல்தோ, தெனோரே, க்வின்தோ, பாஸ்ஸோ என்று குரலுக்கு ஒரு புத்தகம். அவரவர் புத்தகத்தில் அவரவர் பாடுவது மட்டும். அடுத்தவர் என்ன பாடுகிறார் என்று பார்க்க வழியே இல்லை, கேட்டால்தான் உண்டு. தட்டுகளைக் கூறு கூறாகப் பிரிக்கும் குத்துக்கோடு, பார் கோடு, அதுவும் கிடையாது. எல்லாக் குரலையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி அச்சிடுவது அப்போது அபூர்வம். 1577-ல் வெனிஸில் ஆஞ்செலோ கார்தானோ, சிப்ரியானோ தே ரோரேயின் மத்ரிகால் என்னும் நான்கு குரல் பாட்டுகளை அப்படி அடுக்கி ஒரு புத்தகம் போட்டார், அதன் தலைப்பிலேயே 'ஸ்பார்த்தீத்தி', அதாவது பிரித்து அடுக்கியது என்று போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நான் செய்யப் போவதும் அதே ஸ்பார்த்தீத்திதான் என்று தெரிந்ததும், நாம் ஒன்றும் புதுசாகச் செய்யவில்லை, 400 வருஷமாக ஆர்கன் வாசிக்கிறவர்கள் செய்யும் கூலி வேலைதான் இது என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

ஐந்து புத்தகத்தின் பக்கங்களும் கைக்கு வந்த அன்றே முதல் தவறைச் செய்தேன். பழைய தாளில் பின்பக்க மை முன்பக்கம் கசிந்து தெரியும். சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றி, சாம்பல் நிறத்தையெல்லாம் துடைத்துவிட்டேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஆனால் நோட்டுக்குப் பக்கத்தில் வரும் புள்ளி, அதன் நீளத்தை ஒன்றரை மடங்காக்கும் புள்ளி, மங்கலாக இருந்த இடங்களில் அதுவும் சேர்ந்து துடைபட்டுப் போச்சு. பின்பக்கத்து மைப்பொட்டு கறுப்பாக மாறி, இல்லாத இடத்தில் புள்ளி முளைத்தது. இரண்டு பக்கம் தட்டெழுதிய பிறகுதான் கண்டுபிடித்தேன். மூலப் படத்தைக் கலரிலேயே வையுங்கள், வெட்டுவதும் நேராக்குவதும் மட்டும் போதும். கண் பழகிவிட்டால் கசிவு எது, மை எது என்று நிறத்திலேயே தெரியும், முன்பக்க மை கறுப்பு, கசிந்தது பழுப்பு.

படத்தைப் பார்த்துத் தானே நோட்டைப் படிக்கும் நிரல் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன். அது இன்றைய அச்சுக்காக எழுதியது, அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. வெளியே வந்தது பாட்டு இல்லை, மழைத்தூறல். காரணம் அச்சு முறையிலேயே இருக்கிறது. பெத்ரூச்சி கோடுகளை ஒரு தடவையும் நோட்டுகளை இன்னொரு தடவையும் அச்சிட்டார், அழகாக இருக்கும், செலவும் கூட. 1530-களின் கடைசியிலிருந்து வெனிஸில் வேறு முறை. ஒவ்வொரு ஈய எழுத்திலும் ஒரு நோட்டும் அதன் பின்னால் ஐந்து கோட்டின் துண்டும் சேர்ந்தே வார்த்திருக்கும். அதைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஒரே அழுத்தில் அச்சு. மலிவு, வேகம். ஆனால் துண்டுக்குத் துண்டு கோடு இணையாமல் இடைவெளி விழும், சில துண்டு மயிரிழை மேலே ஏறியிருக்கும், சிலது இறங்கியிருக்கும். 'ஃபெஸ்தினோ'வை அச்சிட்ட ரிச்சார்தோ அமாதீனோவின் அச்சகமும் இந்த முறைதான். கண்ணுக்கு அது ஐந்து கோடு. நிரலுக்கு அது ஐந்நூறு துண்டு.

கையால்தான் என்று முடிவானது. இசை எழுதும் நிரல்களில், மியூஸ்ஸ்கோரில் நோட்டை இழுத்து வைப்பதைவிட எனக்கு லில்லிபாண்டில் தட்டெழுதுவது வசதி, அதில் இசையை எழுத்தாகவே அடிக்கலாம். தவிர அதில் தோ ரே மி என்று இத்தாலியப் பெயரிலேயே அடிக்க ஒரு கட்டளை உண்டு, இந்த வேலைக்குப் பொருத்தம் என்று போட்டுக்கொண்டேன். அங்கே ஒரு பொறி. மேலே ஃபிளாட் குறி (சுரத்தை அரைச் சுரம் இறக்குவது) போட்டுவிட்டோமே என்று வெறும் 'சி' (தோ ரே மியில் ஏழாவது சுரம்) என்று அடித்துக்கொண்டே போனேன். லில்லிபாண்ட் அப்படி நினைக்காது, 'சி' என்றால் அதற்கு ஃபிளாட் இல்லாத சிதான், ஃபிளாட் வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் 'சிப்' என்று அடிக்க வேண்டும். முதல் பக்கம் வெளியே வந்தபோது ஃபிளாட்டை நீக்கும் நேச்சுரல் குறி கொசு மாதிரி அப்பிக்கிடந்தது.

அடுத்தது கிளெஃப், எந்தக் கோடு எந்தச் சுரம் என்று வரியின் தொடக்கத்தில் சொல்லும் குறி. மேல் குரல்களுக்கு இப்போது நாம் பார்க்கும் ட்ரெபிள் கிளெஃப் இல்லை, சி கிளெஃப் (இந்த சி ஆங்கில எழுத்து C, இத்தாலியப் பெயரில் 'தோ', மேலே சொன்ன 'சி' இல்லை). குறி எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தக் கோடு நடு சி. கீழ்க்கோட்டில் இருந்தால் கீழ்க்கோடு சி, மூன்றாவதில் இருந்தால் மூன்றாவது. தெரிந்த விஷயம்தான், கொள்கை அளவில். ஆனால் ராத்திரி பத்தரைக்குக் கை தானாக ட்ரெபிளில் படித்துக்கொண்டு போகும். ஒரு குரல் முழுவதையும் அப்படி அடித்துவிட்டு மறுநாள் காலையில் ஓட்டிக் கேட்டால் எல்லாமே மூன்றாம் சுரம் தள்ளி. நான் கண்டுபிடித்த வழி இதுதான்: பழைய கிளெஃபையே போட்டு அடியுங்கள். திரையில் வருவதும் ஸ்கேனில் இருப்பதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், கண்ணால் ஒப்பிட்டுவிடலாம். லில்லிபாண்டில் 'பெத்ரூச்சி' என்ற பெயரிலேயே பழைய பாணி கிளெஃப் குறிகள் இருக்கின்றன, வைர வடிவ நோட்டும் உண்டு. எல்லாம் சரிபார்த்து முடித்தபின் கிளெஃப் கட்டளையை மட்டும் மாற்றினால் போதும், சுரம் அப்படியே இருக்கும், இடம் மட்டும் மாறும்.

இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த சின்னப் பொருள் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய அச்சில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும், நோட்டெல்லாம் முடிந்தபின், சின்னதாக நெளிந்த ஒரு கொக்கி இருக்கும். பாட வேண்டிய நோட்டு இல்லை அது. அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்கப் போகிறது என்று பாடுகிறவருக்கு முன்கூட்டியே காட்டும் குறி, கண் கீழே இறங்குவதற்குள் குரல் தயாராகட்டும் என்று. நான் அச்சில் ஒரு வரி என்றால் கோப்பிலும் ஒரு வரி என்று வைத்துக்கொண்டு, வரிக் கடைசியில் அந்தக் கொக்கியின் சுரத்தையும் குறிப்பாக அடித்து வைத்தேன். அடுத்த வரியின் முதல் நோட்டு அதோடு பொருந்தவில்லை என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். கிரெடிட் கார்டு எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்க்க வைத்திருப்பார்களே, அது மாதிரி. எட்டுச் சுரம் தாவி எழுதிய தப்பை மட்டும் நான்கு தடவை இந்தக் கொக்கி பிடித்துக்கொடுத்தது.

ஆனால் அது சுரத்தைத்தான் பிடிக்கும், நேரத்தைப் பிடிக்காது. பூனை கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஐந்து குரலும் அடித்து முடித்து ஒன்றாக அடுக்கி ஓட்டினேன். பாட்டின் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து 'ஃப லலா' பாடுவார்கள், அப்புறம் மிருகங்கள், கடைசியில் திரும்ப 'ஃப லலா'. தொடக்கம் சரி. நடுவில் ஒரே கத்தல், அது அப்படித்தானே இருக்க வேண்டும். கடைசி 'ஃப லலா'வில் நான்கு பேர் சேர்ந்து வர, பூனை மட்டும் அரைத் தட்டு பின்னால் வந்தது. தட்டு என்று நான் சொல்வது கை ஒரு தடவை இறங்கி ஏறுவது, இந்த அச்சுகளில் ஒரு செமிபிரீவ் நோட்டின் நேரம். அதில் பாதி, ஒரு மினிம், பூனை வரியில் கூடுதலாக இருந்தது.

உடனே என்ன செய்தேன் தெரியுமா, அச்சுக் கோப்பவன் மேல் பழி போட்டேன். பாவம், 1608-ல் வெனிஸில் மங்கலான வெளிச்சத்தில் ஈயத் துண்டு அடுக்குகிறவன், ஒரு மினிம் கூடிவிட்டது போல என்று பெருந்தன்மையாக மன்னித்து, கடைசி 'ஃப லலா'வுக்கு முன்னால் இருந்த பூனைக் கத்தலில் அரைத் தட்டை வெட்டினேன். ஓட்டினேன், ஐவரும் சேர்ந்து முடித்தார்கள். 'மூலத்தில் பிழை, பதிப்பித்தவர் திருத்தியது' என்று அடிக்குறிப்பு வேறு எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பை எழுதும்போது எனக்குள் இருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து ஷார்ப்களைப் பார்க்க உட்கார்ந்தேன். ஸ்கோரைக் குறுக்காகப் படிக்காமல், ஒவ்வொரு கைத்தட்டு இறங்கும் இடத்திலும் கீழ்க்குரலோடு மேலே என்னென்ன சுரம் சேர்கிறது என்று செங்குத்தாக ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். நாய் பொருந்துகிறது, குயில் பொருந்துகிறது, ஆந்தை பொருந்துகிறது. பூனை மட்டும் தட்டு இறங்கும் இடத்திலெல்லாம் இடிக்கிறது. பூனைதானே, இடிக்கட்டும் என்று முதலில் விட்டேன். இரண்டாம் பக்கத்தில் உறைத்தது: மற்ற மூன்று மிருகமும் ஒழுங்காக எதிர்ப்பண் விதிப்படி நடக்க, இந்த ஒன்று மட்டும் ஏன் விதியை மீறும்? பாங்கியேரி கேலிக்காரர்தான், ஆனால் பாட்டிலக்கணம் பற்றிப் பாடப்புத்தகமே எழுதியவர். அவருடைய வேடிக்கையே இதில்தான் இருக்கிறது. சொல்லைக் கழற்றிவிட்டு சுரத்தை மட்டும் பாடினால், இது யாரும் முகம் சுளிக்காத, ஒழுங்கான ஐங்குரல் பாட்டு. கத்துவது சொல்தான், சுரம் கத்துவதில்லை. நான் கூச்சல் என்று கேட்டுக்கொண்டிருந்ததில் கால்வாசி என்னுடைய கூச்சல்.

பூனை வரிக்குத் திரும்பிப் போனேன், படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி. மௌனக் குறி, அதாவது ரெஸ்ட், கோட்டுக்குக் கீழே தொங்கினால் செமிபிரீவ் நேரம் சும்மா இருக்க வேண்டும், கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் மினிம் நேரம், அதில் பாதி. இன்றைக்கும் அதே விதிதான். பூனை முதல் தடவை வாயைத் திறப்பதற்குச் சற்று முன்னால் ஒரு ரெஸ்ட். நான் அதைத் தொங்குவதாகப் படித்திருந்தேன். துண்டுக்குத் துண்டு கோடு ஏறி இறங்கும் என்று சொன்னேன் இல்லையா, பக்கத்துத் துண்டின் கோட்டை வைத்துப் பார்த்தால் தொங்குகிறது, அதன் சொந்தத் துண்டின் கோட்டை வைத்துப் பார்த்தால் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அரைத் தட்டு. அங்கே விழுந்த தப்பு, பாட்டு முழுக்கப் பூனையைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்து, கடைசியில்தான் காதில் விழுந்தது. நான் அதைக் கேட்ட இடத்தில் வெட்டினேன், பிறந்த இடத்தில் பார்க்கவில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன், அடிக்குறிப்பை அழித்தேன். அதற்கப்புறம் 'மூலத்தில் பிழை' என்று குறித்து வைத்திருந்த மற்ற ஐந்து இடங்களையும் இதே மாதிரி பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு என்னுடையது. ஐந்தாவது உண்மையிலேயே அச்சில் மை பிடிக்காத இடம், அதை மட்டும் குறிப்போடு விட்டிருக்கிறேன்.

ஷார்ப் விஷயத்துக்கு வருகிறேன், ஆரம்பித்ததே அதற்காகத்தானே. அப்போதைய வழக்கத்தில் ஷார்ப் பொதுவாக அது ஒட்டியிருக்கும் ஒரு நோட்டுக்கு மட்டும். நாம் பார் முடியும் வரை செல்லும் என்று பழகியவர்கள், அங்கே பார் கோடே இல்லை. ஃபிளாட்டை நீக்குவதற்கும் தனியாக நேச்சுரல் போடாமல் அதே ஷார்ப் குறியையே போடுவார்கள், அதை இன்றைய ஸ்கோரில் நேச்சுரலாக மாற்ற வேண்டும். இதற்கும் மேல், பாட்டு முடியும் இடங்களில் அச்சில் குறி இல்லாவிட்டாலும் பாடகர்கள் தாமாகவே ஷார்ப் செய்து பாடுவது வழக்கம், எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு ஈயத்தில் வார்க்க வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். இன்றைய பதிப்புகளில் அப்படிப்பட்ட குறியை நோட்டின் பக்கத்தில் போடாமல் கோடுகளுக்கு மேலே சின்னதாகப் போடுவது மரபு. நானும் அப்படியே. பக்கத்தில் இருந்தால் அமாதீனோ அச்சிட்டது, மேலே இருந்தால் நான் போட்டது, பிடிக்கவில்லை என்றால் பாடாதீர்கள். நான் இறக்கிய இரண்டு ஸ்கோரில் ஒன்று இந்த வேறுபாட்டைக் காட்டவே இல்லை, குழப்பம் அதனால்தான்.

சொல் அடிப்பதில் ஒரு சாயங்காலம் போனது. பழைய அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் நீளமாக எஃப் மாதிரியே இருக்கும், அறிவிப்புப் பாட்டில் 'ஸ்பெத்தாத்தோரி' என்பதை 'ஃப்பெத்தாத்தோரி' என்று அடித்திருந்தேன். சொல்லின் முதலில் யு வந்தால் வி போட்டிருப்பார்கள். இரண்டு புள்ளி வைத்த ஐ மாதிரி ஒரு குறி வந்தால் முந்தின சொற்களைத் திரும்பப் பாடு என்று அர்த்தம், இடம் மிச்சம் பிடிக்க. அசையை எண்ணினால் நோட்டைவிட நான்கு கூடுதலாக வந்தது, மறுபடியும் பிழையோ என்று பயந்தேன். இத்தாலியனில் ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து ஒரே நோட்டில் விழும், 'கானே உன் கத்தோ' என்பதில் 'நே'யும் 'உன்'னும் ஒன்றாக. நமக்குத் தெரியாத விஷயமா என்ன, 'பாட்டு எழுது' என்பதைப் 'பாட்டெழுது' என்று நாமும் ஒட்டித்தானே எழுதுகிறோம்.

பார் கோடு போடுவதா வேண்டாமா என்று குழுவில் சண்டையே வந்தது. கோட்டை நோட்டுகளின் மேல் ஓட விட்டால், நீண்ட நோட்டையெல்லாம் இரண்டாக வெட்டி வில் போட்டுக் கட்ட வேண்டியிருக்கும், பாடுகிறவர்கள் அங்கே ஒரு இடி கொடுப்பார்கள். அதனால் ஒரு குரலின் கோடுகளுக்கும் அடுத்த குரலின் கோடுகளுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில் மட்டும் கோடு விழும்படி வைத்தேன், பழைய இசைப் பதிப்புகளில் பரவலாகச் செய்வதுதான். எனக்கு அழகாகத் தெரிந்தது. பேஸ் பாடும் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல நான் எங்கப்பா எண்றது?" என்றார். அவருடைய பகுதி முழுவதும் நீண்ட நோட்டு, எண்ணாமல் முடியாது. கடைசியில் அவருக்கு மட்டும் சாதாரண பார் கோட்டோடு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். கொள்கை என்று பார்த்தால் தோல்வி, ஒத்திகை நடந்தது.

ஒத்திகையில் புது ஸ்கோர் நன்றாகவே ஓடியது, மூன்றாவது தடவையில் முழுக்கப் பாடிவிட்டோம். அப்புறம் எனக்கு ஒரு ஆசை, ஸ்கேன் பக்கங்களையே அச்செடுத்து, குரலுக்கு ஒன்றாக, 1608-ல் பாடின மாதிரியே பாடிப் பார்க்கலாமே என்று. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தாள் மட்டும். முதல் நிமிஷத்திலேயே உடைந்தது. உடைந்தால் வழக்கமாக "பதினாலாவது பாரிலிருந்து" என்போம். இதில் பதினாலும் இல்லை, பாரும் இல்லை. எங்கே விட்டோம் என்று சொல்லவே ஆளுக்கு ஒரு மொழி தேவைப்பட்டது, "நீங்க கூனன்னு சொல்ற இடம்", "நான் ரெண்டாவது தடவை குரைக்கிற இடம்" என்று. ஏழெட்டு முறை முதலிலிருந்து. ஆனால் ஒன்று கவனித்தேன், புது ஸ்கோரில் எல்லோரும் தலையைக் குனிந்து பாடினார்கள், இதில் அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டு பாடினார்கள். வேறு வழி இல்லை.

பூனை பாடுவது என் தங்கை. ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ, கத்தல் நடுவே அவள் சரியான இடத்தில் நுழைந்தாள், கடைசி 'ஃப லலா'வில் ஐவரும் ஒன்றாக இறங்கினோம். நான் அந்த ரெஸ்ட் பற்றி அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பாடி முடித்துத் தாள்களை அடுக்கும்போது அவள் தாளைப் பார்த்தேன். பூனை வாயைத் திறப்பதற்கு முன்னால், அந்த ஒரே ரெஸ்டைப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'தொங்கல, உக்காந்திருக்கு.'